வாப்பிங்கில் எது நிஜக் கிடங்கு, எது வேஷம்? லண்டன் துறைமுகப் பக்கம் நடந்தவர்கள் சொல்லுங்கள்

கோவை_ரவி

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். வார நாளில் அக்கா, மாமா, பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது, பயண அட்டையை எடுத்துக்கொண்டு கண்ட திசையில் போவேன். அப்படி ஒரு நாள் டவர் பிரிட்ஜில் இறங்கி, செயின்ட் கேத்தரின் டாக்ஸ் வழியாகக் கிழக்கே நடந்ததில் வாப்பிங் ஹை ஸ்ட்ரீட் என்ற தெருவுக்குள் வந்துவிட்டேன்.

கருங்கல் பாவிய குறுகலான தெரு. ஆற்றுப் பக்கம் ஐந்து ஆறு மாடிக்குச் செங்கல் கிடங்குகள், பெயர் இன்னும் பெரிய எழுத்தில் சுவரிலேயே இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் எங்களுக்குப் பஞ்சு குடோன் இருந்தது, அதனால் குடோனைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். வண்டி எங்கே நின்றிருக்கும், மூட்டை எந்த வாசலில் ஏறும், கணக்குப்பிள்ளை எங்கே உட்கார்ந்திருப்பார் என்று கண் தேடும். இங்கேயும் தேடினேன். மாடிக்கு மாடி ஒரே நேர்க்கோட்டில் கதவுகள், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு இரும்புக் கை. சரி, கப்பி மாட்டி மூட்டை இழுத்த இடம் என்று புரிந்தது. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் இப்போது ஒரு குட்டி பால்கனி, அதில் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பூந்தொட்டி, காயப்போட்ட பனியன்.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்துக் கட்டடமும் அதே மாதிரி செங்கல், அதே மாதிரி கதவு வரிசை, அதே இரும்பு வேலை, ஆனால் என்னவோ உதைத்தது. சினிமா செட் போட்ட மாதிரி. எது உண்மையான கிடங்கு, எது கிடங்கு வேஷம் போட்ட அபார்ட்மென்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம் இன்னும் சில குழப்பம். இரண்டு வரிசை பழைய வீடுகளுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு புல்வெளி, ஆற்றைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. கொஞ்சம் உள்ளே போனால் முழங்கால் ஆழம்கூட இருக்காது போலத் தோன்றுகிற ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன செங்கல் வீடுகள். அங்கங்கே சிறைச்சாலை மாதிரி உயர மதில். டாக் எங்கே? துறைமுகம் என்றார்களே, தண்ணீரையே காணோமே? தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். அக்காவைக் கேட்டால் "அங்கே எதுக்கு போன, ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் போக வேண்டியதுதானே" என்கிறாள்.

செங்கல்_பைத்தியம்

ரவி அண்ணா, நீங்கள் கேட்ட கேள்வியில்தான் எனக்குச் சோறே. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன், லண்டனில் பத்து வருஷம் ஆகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் பார்த்தது ஒரு துறைமுகம் இல்லை, இரண்டு வகை. ஆற்றங்கரையிலேயே நிற்கிற கிடங்குகள் ஒரு வகை, அதை வார்ஃப் என்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு தனியார் வியாபாரியுடையது. டாக் என்பது வேறு: நிலத்தை வெட்டி, சுற்றி மதில் எழுப்பி, உள்ளே பெரிய கிடங்குகள் கட்டி, ஆற்றோடு ஒரு மதகு வாசலால் இணைத்த செயற்கைக் குளம். ஏன் இவ்வளவு பாடு என்றால், தேம்ஸ் நகரத்துக்குள்ளேயே ஏழு மீட்டர் வரை ஏறி இறங்குகிற ஆறு. தண்ணீர் வற்றினால் கரையோரக் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். டாக்கில் மதகை மூடிவிட்டால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், நிதானமாக இறக்கலாம். மதில் எதற்கு என்றால் திருட்டு. ரம், சர்க்கரை, புகையிலை எல்லாம் ஆற்றில் நிற்கிற கப்பலிலிருந்தே காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1802ல் கிழக்கே வெஸ்ட் இந்தியா டாக்ஸ் திறந்தார்கள், 1805ல் வாப்பிங்கில் லண்டன் டாக்ஸ். லண்டன் டாக்ஸின் கிடங்குகளை வடிவமைத்தவர் டேனியல் ஆஷர் அலெக்சாண்டர். அவர் சிறைச்சாலைகளும் கட்டியவர், டார்ட்மூர் சிறை அவர் வேலைதான், அதனால் உங்களுக்கு மதிலைப் பார்த்துச் சிறை ஞாபகம் வந்தது ரொம்பச் சரி.

இப்போது உங்கள் புல்வெளிக்கு வருவோம். அதன் பெயர் வாப்பிங் பியர்ஹெட். கப்பல் ஆற்றிலிருந்து டாக்குக்குள் நுழைந்த மதகு வாசல் அதுதான். அதை மண் போட்டு மூடி மேலே புல் வளர்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நிற்கிற வீடுகள் 1810களில் டாக் அதிகாரிகளுக்காகக் கட்டியவை, கப்பல் வருவதையும் போவதையும் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். நீங்கள் நின்ற இடத்தில் ஒரு காலத்தில் பாய்மரக் கப்பல் மிதந்தது. லண்டன் டாக்ஸ் 1969ல் மூடிவிட்டது. கப்பல்கள் பெருத்துவிட்டன, சரக்கெல்லாம் கன்டெய்னருக்கு மாறிவிட்டது, ஆற்றின் வாய்க்கு அருகே டில்பரிக்குப் போய்விட்டது. பெரிய மேற்குக் குளத்தைத் தூர்த்து, 1980களில் மேலே வீடு கட்டினார்கள். நீங்கள் பார்த்த அந்தக் கால்வாய் குளத்தின் ஞாபகத்துக்காக விட்டு வைத்த தண்ணீர். அதில் வாத்துதான் போகும்.

சரி, நிஜமா வேஷமா என்று பார்க்கிற வித்தை. உங்கள் ஊர் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். செங்கல்லின் தலையைத் தேடுங்கள். பழைய சுவர் இரண்டு கல், மூன்று கல் கனம், அதைப் பிணைக்க நீளப்பக்கம் ஒரு வரிசை, தலைப்பக்கம் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். புதுக் கட்டடத்தில் கான்கிரீட் சட்டத்துக்கு மேல் ஒரு நாலரை இஞ்ச் செங்கல் போர்வை, அவ்வளவுதான், அதனால் எல்லாக் கல்லும் நீளவாக்கில் படுத்திருக்கும், தலையே தெரியாது. கூடவே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை ரப்பர் பட்டை மாதிரி ஒரு கோடு ஓடும். சிமென்ட் கட்டு விரிந்து சுருங்க இடம் வேண்டுமே, அதற்கு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவருக்கு அந்தக் கோடு வேண்டாம், அது தானே வளைந்து கொடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஜன்னல். பழைய கிடங்கில் கீழ்மாடி ஜன்னல் சுவருக்குள் முழங்கை ஆழம் புதைந்திருக்கும், மேலே போகப் போக ஆழம் குறையும், ஏனென்றால் சுவரே மேலே போகப் போக மெலிகிறது. வேஷக் கட்டடத்தில் எல்லா மாடியிலும் ஒரே ஆழம். நீங்கள் பார்த்த நேர்க்கோட்டுக் கதவுகளுக்குத் தொழிலில் லூப்ஹோல் என்று பெயர். இரும்புக் கை சுவர்க் கிரேன். நிஜக் கட்டடத்தில் கிரேன் எட்டுகிற இடத்தில் மட்டும்தான் கதவு வரிசை இருக்கும். போலியில் எல்லா வீட்டுக்கும் பால்கனி வேண்டும் என்பதால் எங்கே பார்த்தாலும் கதவு, எந்தக் கிரேனும் எட்டாத இடத்தில்கூட. உங்களுக்கு உதைத்தது அதுவாகத்தான் இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்_கிழவன்

தம்பி ரவி, அந்தப் பிள்ளை எழுதினது முழுக்கச் சரி. நான் படித்தவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் ஊரிலிருந்து வந்தது 1986 கோடையில். வந்த புதிதில் கிடைத்த வேலை இரவுக் காவல். வாப்பிங்கில் ஒரு கிடங்கை வீடுகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள், பெயர் வேண்டாம். இரவு ஏழு மணியிலிருந்து காலை ஏழு வரை, ஒரு டார்ச், ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணி. அந்த நேரம் அங்கே ஆள் நடமாட்டமே கிடையாது. இப்போது நீங்கள் கண்ட காபிக் கடை ஒன்றும் இல்லை. பக்கத்திலே முர்டாக்கின் பேப்பர் அச்சடிக்கிற கோட்டை, வேலை போன ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுத் தொழிலாளிகளுடைய சண்டை அங்கே 87 தொடக்கம் வரை நடந்தது, சனிக்கிழமை இரவு என்றால் குதிரைப் பொலிஸ், முள்ளுக்கம்பி. ஊரில் ஆமிக்குப் பயந்து வந்த எனக்கு இங்கேயும் இதுவா என்று இருந்தது. அந்த அச்சாலையும் லண்டன் டாக்ஸ் நிலத்தில்தான் நின்றது. இப்போது அதுவும் இல்லை, அடுக்குமாடிதான்.

கிடங்கின் உள்ளே எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கதவைத் திறந்தால் ஒரே இருட்டு. வார்ப்பிரும்புத் தூண் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் என் தொடை அளவு, அதற்கு மேல் மரச் சட்டம், அதற்கு மேல் பலகை. முன்னால் இருந்து பின்னால் போய்ச் சேர ஒரு பஸ் நீளத்துக்கு மேல், ஜன்னலோ ஒரு கை அகலம். சரக்குக்கு வெளிச்சம் எதற்கு? ஆனால் மனிசர் இருக்க வேணுமே. அதுக்காக நடுவிலே கூரையிலிருந்து அடி வரைக்கும் பலகையை வெட்டி எடுத்துக் கிணறு மாதிரி ஒரு வெளிச்சக் குழி வைத்தார்கள். வெட்டின பலகை முற்றத்தில் குவிந்து கிடந்தது. பலகைகளுக்கு இடையில் அடைந்து கிடந்த தூசியைக் கூட்டி அள்ளினால் பழுப்பு நிறம். மழை பெய்து சுவர் ஈரமானால் ஒரு மணம் வரும் தம்பி. முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் நாள் தூசியைக் கிள்ளி மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனேன். கறுவா. எங்கள் நாட்டிலிருந்து கப்பலில் வந்ததோ வேறு எங்கிருந்து வந்ததோ, நான் அப்படியே நின்றேன்.

பிறகு வெளிச்சுவர். வந்த நேரம் அந்தச் சுவர்கள் எல்லாம் கரி பிடித்துக் கறுப்பு. நூறு வருஷக் கரிப்புகை. ஒரு கிழமை மணல் அடித்தார்கள். வெளியே வந்தது மஞ்சள் செங்கல்! நான் அதுவரைக்கும் லண்டன் செங்கல் கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் பார்த்த ஒரு கிழட்டு வெள்ளைக்காரர், முன்னாள் டாக் தொழிலாளி, எதிரே கவுன்சில் வீட்டில் இருந்தவர், தினமும் காலையில் நாயோடு வருவார், "இது யாருடைய கட்டடம் என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை" என்றார். அவர் அந்தக் கிடங்கில் இருபது வருஷம் மூட்டை தூக்கினவர். விற்பனைக்கு மாதிரி வீடு திறந்த அன்று உள்ளே பார்க்கப் போனார், வரவேற்பில் இருந்த பெண் என்ன வேணும் என்று கேட்ட தொனியிலே திரும்பிவிட்டார்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேணும். கிழக்கே ஈஸ்ட் இந்தியா டாக்ஸ் இருந்த இடத்துக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கள். 1806ல் திறந்து 1967ல் மூடினது. குளத்தைத் தூர்த்துக் கண்ணாடி ஆபீஸ் கட்டி, தெருவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: கொரியாண்டர் அவென்யூ, நட்மெக் லேன், கிளோவ் கிரசன்ட், சஃப்ரன் அவென்யூ. மல்லி, சாதிக்காய், கராம்பு, குங்குமப்பூ. ஒரு சரக்குத்தூள் அரைக்கலாம். தெருவிலே ஒரு மணமும் இல்லை.

நேர்ப்பேச்சு

எல்லாரும் பழசை நினைத்து மூக்கைச் சிந்துகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப் பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரவி சார் முதலில் நடந்த செயின்ட் கேத்தரின் டாக்ஸையே எடுத்துக்கொள்வோம். 1828ல் திறந்தது, எஞ்சினியர் தாமஸ் டெல்ஃபோர்ட், கட்டடக்கலைஞர் ஃபிலிப் ஹார்ட்விக். அதற்கு இடம் எடுக்க என்ன செய்தார்கள்? அங்கே இருந்த 1,250 வீடுகளை இடித்தார்கள், நடுக்காலத்திலிருந்து இருந்த செயின்ட் கேத்தரின் தர்ம நிறுவனத்தையும் தேவாலயத்தையும் சேர்த்து. 11,300 பேர் போக்கிடம் தேடினார்கள். நில உரிமையாளருக்குத்தான் காசு, குடியிருந்த ஏழைக்கு ஒரு பென்னி கிடையாது. இன்று நாம் "ஐயோ பாரம்பரியம்" என்று கும்பிடுகிற டாக் எப்படி வந்தது என்று பார்த்தால் அதுவும் ஒரு மறுசீரமைப்புதான். 140 வருஷம் ஓடி 1968ல் மூடிவிட்டது. போரில் குண்டு விழுந்து பாதி போனது, மிச்சத்தில் 1850களின் கடைசியில் கட்டிய ஐவரி ஹவுஸ் மட்டும் இப்போது கடிகாரக் கோபுரத்தோடு நிற்கிறது, யானைத் தந்தம் வைத்த கிடங்கு. சுற்றிப் படகுத் துறையும் சாப்பாட்டுக் கடையும். அதில் என்ன தப்பு? தந்தம் வைத்திருந்ததைவிடத் தேவலை.

எழுபதுகளில் எடுத்த படங்களைப் பாருங்கள். மைல் கணக்கில் ஆளில்லாக் கிடங்கு, கூரை இடிந்து, புறா குடியிருக்கிறது. டாக்குகள் வரிசையாக மூடின, கடைசியாக எங்கள் பக்கத்து ராயல் டாக்ஸ் 1981ல். அதே வருஷம் தாட்சர் அரசில் அமைச்சர் ஹெசல்டைன் எல்டிடிசி என்று ஒரு வளர்ச்சிக் கழகம் அமைத்தார், 1998 வரை இருந்தது. எட்டரை சதுர மைல் நிலம் அவர்கள் கையில். வெஸ்ட் இந்தியா டாக்ஸ் இருந்த ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் 1982லிருந்து பத்து வருஷத்துக்குத் தனிச் சலுகை மண்டலம்: பெரும்பாலான கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கேட்க வேண்டாம், சொத்து வரி கிடையாது, கட்டின செலவு முழுவதையும் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பணம் கொட்டாமல் என்ன செய்யும்? கட்டடக்கலை என்று பேசுகிறோம், முக்கால்வாசி வரிச் சட்டம்தான் கட்டடத்தின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. 1986ல் பங்குச் சந்தை விதிகளைத் தளர்த்தினார்கள், வங்கிகளுக்குத் தூண் இல்லாத பெரிய தளம் வேண்டியிருந்தது, சிட்டி என்கிற பழைய வங்கி வட்டாரத்தில் அவ்வளவு அகலத் தளத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் கேனரி வார்ஃப். கேனரி தீவுகளிலிருந்து பழம் வந்து இறங்கின 1930களின் ஷெட்டின் பெயர் அது. 1991ல் அதன் மேல் 235 மீட்டர் கோபுரம், சீசர் பெல்லி வரைந்தது. அடுத்த வருஷமே கட்டின கம்பெனி திவால்! ஆனால் கோபுரம் நிற்கிறது, மக்கள் வேலைக்குப் போகிறார்கள். நானும் அங்கேதான் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். டாக்கின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மதியச் சோறு சாப்பிடுவேன்.

செங்கல்_பைத்தியம்

நேர்ப்பேச்சு, செயின்ட் கேத்தரின் விஷயத்தில் உங்களை மறுக்க முடியாது. 11,300 பேர் கணக்கை நான் புதிதாக வருகிற பயிற்சி மாணவர்களுக்கெல்லாம் சொல்வேன், எந்தச் செங்கல்லையும் கும்பிடுவதற்கு முன் அதன் கீழே யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும் என்று.

ஆனால் "விட்டிருந்தால் இடிந்திருக்கும், வந்து காப்பாற்றினார்கள்" என்பது பாதிக் கதை. எல்டிடிசி வருவதற்கு முன்னாலேயே ஆற்றங்கரையில் ஆட்கள் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். பியர்ஹெட்டை ஒட்டி நிற்கிற ஆலிவர்ஸ் வார்ஃப், 1870ல் கட்டியது, தேயிலை வைத்த இடம், 1972லேயே வீடுகளாக மாறிவிட்டது. எதிர்க்கரை பட்லர்ஸ் வார்ஃபில் ஓவியர்களும் சிற்பிகளும் மலிவு வாடகைக்கு இருந்தார்கள். அதே எழுபதுகளில்தான் அலெக்சாண்டர் கட்டிய லண்டன் டாக்ஸின் பெரிய வடக்குக் கிடங்கு வரிசையை இடித்துத் தள்ளினார்கள். தானாக இடிந்து விழவில்லை, புல்டோசர் வைத்து இடித்தது. மிச்சம் இருப்பதில் பெரியது டொபாக்கோ டாக் என்கிற கிடங்கு, அதன் கதையும் சோகம். கீழே மதுப்பீப்பாய் வைக்கச் செங்கல் வளைவு நிலவறைகள், மேலே மரம் கிளை பிரிகிற மாதிரி வார்ப்பிரும்புத் தூண் நின்று மரக்கூரையைத் தாங்குகிறது. 1989ல் கட்டடக்கலைஞர் டெரி ஃபாரல் அதை அழகாகப் பழுது பார்த்து ஷாப்பிங் மாலாக்கினார். சில வருஷத்தில் கடைகள் எல்லாம் காலி. பக்கத்தில் நல்ல ரயில் வசதி இல்லை, சுற்றி இருந்தவர்களுக்கு அந்தக் கடைகளில் வாங்கக் காசு இல்லை. கட்டடத்தைச் சரி செய்தார்கள், ஊரை யோசிக்கவில்லை. 2012 ஒலிம்பிக்கின்போது ராணுவத்தினரைத் தங்க வைத்தார்கள், இப்போது விழா நடத்த வாடகைக்கு விடுகிறார்கள்.

வேஷம் எல்லாமே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். லண்டன் டாக்ஸில் தூர்க்காமல் விட்ட குளமான ஷாட்வெல் பேசின் சுற்றி 1980களில் கட்டிய வீடுகளைப் பாருங்கள், கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் மெக்கார்மக்கின் ஆபீஸ் செய்தது. சிவப்பும் நீலமும் பூசிய சட்டம், வளைவுகள், கீழே தூண் வரிசை. கிடங்கு மாதிரி தெரியும், ஆனால் கிடங்கு என்று பொய் சொல்லாது. 2018ல் அதையே பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எதிர்க்கரையில் டிசைன் மியூசியம் 1989ல் திறந்தபோது வேடிக்கை வேறு மாதிரி: போருக்குப் பிறகு கட்டிய சாதாரண வாழைப்பழக் கிடங்கு, அதைச் செதுக்கி வெள்ளையடித்து 1930களின் நவீனக் கட்டடம் போல ஆக்கிவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் பழைய நவீனக் கட்டடம் என்றே நம்பினார்கள். 2016ல் மியூசியம் கென்சிங்டனுக்கு மாறிப் போய்விட்டது.

எனக்கு உறுத்துவது சுவர் இல்லை, ஆறு. அந்தக் காலத்தில் கிடங்கு ஆற்றுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு வடிகட்டி, இந்தப் பக்கக் கதவில் படகு, அந்தப் பக்கக் கதவில் வண்டி. இப்போது ஆற்றுப் பக்கக் கதவெல்லாம் பால்கனி, தெருப் பக்கம் ரகசிய எண் போட்டால் திறக்கிற கேட். தேம்ஸ் கரையோரப் பாதை என்று பெயர், வாப்பிங்கில் பாதி தூரம் ஆறே கண்ணில் படாமல் தெருவில் நடக்க வேண்டியிருக்கிறது. சரக்கு வந்த வழியில் இப்போது விலை வருகிறது.

நேர்ப்பேச்சு

அந்தக் கடைசி வரி கொஞ்சம் ஓவர். ஆனால் ஆற்றுப் பாதை விஷயத்தில் சரண்டர். டொபாக்கோ டாக்குக்கு ஒரு தடவை போயிருக்கிறேன், வாசலில் இரண்டு கப்பல் நிற்கிறதே, அதுவும் போலிதானா?

செங்கல்_பைத்தியம்

மால் திறந்தபோது குழந்தைகளுக்காகச் செய்து வைத்த மாதிரிக் கப்பல்கள். மிதக்காது.

கோவை_ரவி

அம்மாடி, ஒரு கேள்விக்கு இவ்வளவா! எல்லாருக்கும் நன்றி. செங்கல்லின் தலை பார்க்கிற வித்தையை உடனே என் போன் படங்களில் போட்டுப் பார்த்தேன். எனக்கு உதைத்த கட்டடத்தில் ஒரு தலைகூட இல்லை, அந்த ரப்பர் கோடும் பளிச்சென்று தெரிகிறது. அதைவிட வேடிக்கை, நான் ரொம்ப ரசித்து ஏழெட்டு படம் எடுத்து குடும்ப குரூப்பில் "பாருங்கள் நம்ம குடோன் மாதிரியே" என்று போட்ட கட்டடமும் வேஷம்தான். இனிமேல் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

இன்னொரு நாள் எதிர்க்கரையில் ஷாட் தேம்ஸ் தெருவுக்கும் போனேன். தலைக்கு மேலே இந்தப் பக்கக் கட்டடத்துக்கும் அந்தப் பக்கக் கட்டடத்துக்கும் குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பாலங்கள், ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று. அதிலும் செடித்தொட்டி வைத்திருக்கிறார்கள். அதுவாவது நிஜமா?

செங்கல்_பைத்தியம்

அது நிஜம், நிம்மதியாகக் குரூப்பில் போடுங்கள் அண்ணா. அந்தத் தெருவில் நிற்கிற பட்லர்ஸ் வார்ஃப் 1871க்கும் 73க்கும் இடையில் கட்டியது, 1972ல் மூடியது, எண்பதுகளில் வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரன் எடுத்து மாற்றினார். ஆற்றில் இறக்கிய பீப்பாயையும் மூட்டையையும் தெருவுக்கு இறக்காமல் அப்படியே மேலேயே பின்னால் இருக்கிற கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போக அந்தப் பாலங்கள். பழுது பார்த்து வர்ணம் அடித்திருக்கிறார்கள். இப்போது பல பாலங்கள் யாரோ ஒருவருடைய பால்கனி.

ஈஸ்ட்ஹாம்_கிழவன்

தம்பி, அடுத்த முறை அக்கா வீட்டுக்கு வந்தால் ஒரு செய்தி போடுங்கள், கூட்டிப் போகிறேன், முழங்கால் இன்னும் வேலை செய்கிறது. ஆறு தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை கவலைப்படுகிறது, ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஆலிவர்ஸ் வார்ஃபுக்குப் பக்கத்தில் டவுன் ஆஃப் ராம்ஸ்கேட் என்று ஒரு பழைய மதுக்கடை, அதை ஒட்டி ஒரு ஆள் போகிற அளவு ஒழுங்கை. அதற்குள் போனால் வாப்பிங் ஓல்ட் ஸ்டெயர்ஸ். படித்துறை என்றே சொல்லலாம், தோணிக்காரர் ஆள் ஏற்றி இறக்கின கல்படி. அதை ஒருவரும் வீடாக்கவில்லை, கேட்டும் போடவில்லை.

தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போக வேணும், இல்லாவிட்டால் பாதிப் படிதான் தெரியும். கீழே இறங்கி நின்று திரும்பி மேலே பார்த்தால் கிடங்கின் ஆற்று முகம் முழுக்கத் தெரியும், தெருவில் இருந்து பார்த்தால் கிடைக்காத காட்சி. நல்ல பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள், பாசி வழுக்கும், நானே ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டேன். சேற்றில் பழைய ஆணி, களிமண் புகைக்குழாய்த் துண்டு எல்லாம் கிடக்கும். பார்க்கலாம், பொறுக்கிக்கொண்டு வரக் கூடாது, அதுக்குத் துறைமுக அதிகாரசபையின் அனுமதிச் சீட்டு வேணும்.